'டர்ன் இட் ஆஃப்' சரியா, 'டர்ன் ஆஃப் இட்' சரியா? ஆங்கில வினைகளும் சின்னச் சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே பேசுகிறவர்கள்கூடத் தயங்குகிற இடம் ஒன்று உண்டு. வினைக்குப் பின்னால் வரும் 'ஆஃப்', 'அப்', 'அட்', 'டு' போன்ற சின்னச் சொற்கள், அவற்றோடு சேரும் 'இட்', 'மீ', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர்கள். எது முன்னால் வரும், எது பின்னால் வரும், எது தேவையே இல்லை? இந்தச் சந்தேகங்கள் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தன. கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள். பாதி விடை ஒலியில் இருக்கிறது.

1. 'டர்ன் ஆஃப்', 'லுக் அட்' எல்லாத்துலயும் வினைக்குப் பின்னாடி ஒரு சின்னச் சொல் வருது. எல்லாம் ஒரே வகைதானே?

இல்லை, இரண்டு வகை. 'லுக் அட் த பிக்சர்' என்பதில் 'அட்' பின்னால் வரும் பெயரைச் சேர்ந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருகிறதே, அதே வேலைதான். நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'அட்' முன்னால் நிற்கும். அதனால்தான் இதை முன்னிடைச்சொல் என்கிறோம்.

'டர்ன் ஆஃப் த லைட்' வேறு. 'டர்ன்' என்றால் திருப்பு; 'ஆஃப்' சேர்ந்த பிறகுதான் 'அணை' என்ற பொருள் வருகிறது. இங்கே 'ஆஃப்' வினையின் ஒரு பாதி. இப்படி வருவதை இலக்கணக்காரர்கள் 'பார்ட்டிகிள்' என்பார்கள். நான் துணைச்சொல் என்று சொல்லப் போகிறேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: நடுவில் ஒரு வினையடையைச் செருகுங்கள். 'லுக் கேர்ஃபுல்லி அட் த பிக்சர்' இயல்பாக வரும். 'டர்ன் குயிக்லி ஆஃப் த லைட்' வரவே வராது. முன்னிடைச்சொல் வினையிடமிருந்து விலகி நிற்கும். துணைச்சொல் அப்படி யாரையும் நடுவில் விடாது, செயப்படுபொருளைத் தவிர.

2. 'டர்ன் ஆஃப் த லைட்' சரின்னா 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் ஏன் தப்பு?

துணைச்சொல் உள்ள வினையில் செயப்படுபொருள் பெயராக இருந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம்: 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்'. பிரதிப்பெயருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'பிக் ஹிம் அப்', 'த்ரோ தெம் அவே', 'கால் மீ பேக்', 'வேக் ஹெர் அப்' எல்லாம் இதே கணக்கு.

காரணம் அழுத்தம். ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தியும் கனமான சொல்லும் கடைசிக்குப் போகும். 'இட்' என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள், அதை அழுத்திச் சொல்வதுமில்லை. அதனால் அது நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது, கடைசி அழுத்தம் துணைச்சொல்லுக்குக் கிடைக்கிறது. 'டர்ன் இட் ஆஃப்' என்று சொல்லிப் பாருங்கள்: குரல் 'ஆஃப்'-இல் எழும். 'டர்ன் ஆஃப் இட்' என்றால் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் அழுத்தம் தாங்காத சொல் வந்து நிற்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்கு அது இடறுவது இதனால்தான்.

3. அப்ப 'லுக் அட் இட்'-ல மட்டும் 'இட்' ஏன் கடைசில வருது?

முதல் விடையை நினைவில் வையுங்கள்: 'அட்' பெயரைச் சேர்ந்தது. முன்னிடைச்சொல்லும் அதன் பெயரும் சேர்ந்தே நடக்கும். 'லுக் இட் அட்' என்றால் 'அட்' பெயரில்லாமல் அநாதையாகிவிடும். 'லிசன் டு மீ', 'வெயிட் ஃபார் ஹெர்', 'டிபெண்ட் ஆன் தெம்' எல்லாவற்றிலும் பிரதிப்பெயர் கடைசியில்தான்.

இங்கே அழுத்தம் வினையில் விழும். 'லுக்' ஓங்கி ஒலிக்கும், 'அட் இட்' தாழ்ந்து ஓடிவிடும். ஆனால் 'ஆஃப்டர்', 'ஓவர்' போன்ற ஈரசைச் சொற்களுக்குத் தாமாகவே கொஞ்சம் கனம் உண்டு. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதில் 'ஆஃப்டர்' அழுத்தமாகக் கேட்டாலும் அது முன்னிடைச்சொல்தான். அங்கே காதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. எது பிரியும் எது பிரியாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மனப்பாடம்தானா?

கொஞ்சம் மனப்பாடம், கொஞ்சம் யுக்தி. 'அட்', 'ஃபார்', 'ஃப்ரம்', 'ஆஃப்', 'வித்', 'இன்டு' ஆகியவை பார்த்தவுடன் முன்னிடைச்சொல் என்று எடுத்துக்கொள்ளலாம் (இந்த 'ஆஃப்' என்பது 'அவுட் ஆஃப்' என்பதில் வருவது; விளக்கை அணைக்கும் 'ஆஃப்' அல்ல). 'அவே', 'பேக்', 'டுகெதர்' மூன்றும் துணைச்சொல்: 'டேக் இட் அவே', 'கிவ் இட் பேக்', 'புட் தெம் டுகெதர்'.

தொல்லை கொடுப்பவை 'அப்', 'டவுன்', 'ஆன்', 'இன்', 'ஆஃப்', 'ஓவர்', 'த்ரூ'. இவை இரண்டு வேடமும் போடும். மலைமேல் ஓடினால் 'ரன் அப் எ ஹில்', கடன் பாக்கியை ஏற்றிக்கொண்டே போனால் 'ரன் அப் எ பில்'. எழுத்தில் ஓர் எழுத்துதான் மாறுகிறது. பிரதிப்பெயர் போட்டவுடன் இரண்டும் பிரிந்துவிடும்: மலைக்கு 'ரன் அப் இட்', பாக்கிக்கு 'ரன் இட் அப்'. அதேபோலப் பேருந்தில் ஏறுவது 'கெட் ஆன் இட்', சட்டையைப் போடுவது 'புட் இட் ஆன்'.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். இந்த வினைகளைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், உள்ளே ஒரு 'இட்' அல்லது 'ஹிம்' வைத்து மனப்பாடம் செய்யுங்கள். 'புட் ஆஃப்' என்று படித்தால் இடம் தெரியாது. 'புட் இட் ஆஃப்' என்று படித்தால் பொருளும் இடமும் சேர்ந்தே மனதில் பதியும். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளும் இதைத்தான் செய்கின்றன: 'லுக் சம்திங் அப்' என்று நடுவில் போட்டிருந்தால் பிரியும், 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று கடைசியில் போட்டிருந்தால் பிரியாது. பலர் அந்த வரியைப் படிக்காமல் நேராகப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.

5. 'த பிளேன் டுக் ஆஃப்'-ல 'இட்' எங்க போச்சு?

அங்கே செயப்படுபொருளே இல்லை. விமானம் கிளம்பியது, அவ்வளவுதான். 'த கார் ப்ரோக் டவுன்', 'ஷி க்ரூ அப்' போன்றவையும் அப்படியே. ஒரே சொற்கூட்டு இரண்டு விதமாகவும் வரும்: சட்டையைக் கழற்றினால் 'டேக் இட் ஆஃப்', விமானம் கிளம்பினால் 'இட் டுக் ஆஃப்'.

6. 'ஈட்'னாலே சாப்பிடு. அப்புறம் 'ஈட் அப்' எதுக்கு?

'அப்' இங்கே மேலே என்ற பொருளில் வரவில்லை. செயல் முழுசாக முடிவதைச் சொல்கிறது. 'ஈட் இட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'யூஸ் இட் அப்', 'க்ளீன் இட் அப்', 'டியர் இட் அப்' எல்லாவற்றிலும் இந்த முடிவுப் பொருள் உண்டு. தமிழில் 'விடு' செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வருகிறது: சாப்பிடு, சாப்பிட்டுவிடு. இப்படிப் பார்க்கத் தொடங்கினால், துணைச்சொற்கள் கண்டபடி ஒட்டப்பட்டவை என்ற பயம் குறையும். 'அவே' பெரும்பாலும் விலக்கம், 'பேக்' திருப்பம், 'ஆன்' பல இடங்களில் தொடர்ச்சி ('கேரி ஆன்', 'கோ ஆன்'). எல்லாவற்றையும் இப்படி விளக்கிவிட முடியாது. 'கிவ் அப்' ஏன் கைவிடுவது ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட 'கிவ் இட் அப்' என்று படித்துக்கொள்வது மேல்.

7. 'திஸ்', 'தட்', 'சம்திங்' வந்தா எங்க வைக்கணும்?

'திஸ்', 'தட்' இரண்டையும் நடுவில் வையுங்கள்: 'டர்ன் தட் ஆஃப்'. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சுட்டி அழுத்தும்போது கடைசியில் வருவதும் கேட்கும். 'சம்திங்', 'எவ்ரிதிங்', 'ஒன்' பெயரைப்போல நடந்துகொள்ளும், இரண்டு இடமும் சரி. மூன்றாவது விடையில் உள்ள முன்னிடைச்சொல் வினைகளுக்கு இந்தக் கேள்வியே எழாது.

8. செயப்படுபொருள் ரொம்ப நீளமா இருந்தா?

துணைச்சொல்லை வினைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். 'டர்ன் த லைட் இன் த ரூம் அட் த எண்ட் ஆஃப் த காரிடார் ஆஃப்' என்று சொன்னால், 'ஆஃப்' வந்து சேர்வதற்குள் கேட்பவர் வினையையே மறந்திருப்பார். கனமானது கடைசிக்கு என்று இரண்டாவது விடையில் சொன்ன அதே விதிதான். லேசான 'இட்' உள்ளே, கனமான தொடர் வெளியே.

9. 'லுக் ஃபார்வர்ட் டு'ல மூணு சொல் இருக்கே, 'இட்' எங்க? அப்புறம் 'டு மீட்'டா 'டு மீட்டிங்'கா?

இதில் துணைச்சொல்லும் இருக்கிறது, முன்னிடைச்சொல்லும் இருக்கிறது. கடைசிச் சொல் முன்னிடைச்சொல் என்பதால் பிரதிப்பெயர் அதற்குப் பின்னால்: 'லுக் ஃபார்வர்ட் டு இட்', 'புட் அப் வித் ஹிம்', 'ரன் அவுட் ஆஃப் இட்', 'கேட்ச் அப் வித் தெம்'.

இரண்டாவது பகுதிக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. இந்த 'டு' முன்னிடைச்சொல், 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் வரும் 'டு' அல்ல. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயரோ பெயர்போல் நிற்கும் 'இங்' வடிவமோதான் வரும். ஆகவே 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. கடிதங்களில் இதைத் தவறாக எழுதுகிறவர்கள் ஏராளம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' பொருந்துகிறது, அதனால் 'மீட்டிங்'. 'ஐ வான்ட் டு இட்' பொருந்தவில்லை, அதனால் 'மீட்'. 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' பொருந்துகிறது, அதனால் 'ஐ ஆம் யூஸ்ட் டு வெயிட்டிங்'.

10. 'பிட்வீன் யூ அண்ட் ஐ'னுதானே மரியாதையா இருக்கு?

'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே சரி. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'அஸ்', 'தெம்' என்ற வடிவங்களே வரும். 'ஐ' என்றால் பணிவாகத் தோன்றும் என்ற எண்ணத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இப்படிச் சொல்வதுண்டு. கூட இருக்கிற ஆளைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்: 'ஹி கேவ் இட் டு ஐ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே 'ஹி கேவ் இட் டு ஹெர் அண்ட் மீ'.

11. 'டேக் இட் வித் யூ'வா, 'வித் யுவர்செல்ஃப்'பா?

'டேக் இட் வித் யூ'. எழுவாயும் பிரதிப்பெயரும் ஒரே ஆள் என்றால் 'செல்ஃப்' வடிவம் வர வேண்டும் என்பது பொது விதி: 'லுக் அட் யுவர்செல்ஃப்', 'ஷி பிலீவ்ஸ் இன் ஹெர்செல்ஃப்'. ஆனால் முன்னிடைச்சொல் வெறும் இடத்தை மட்டும் காட்டும்போது சாதாரண வடிவமே போதும்: 'க்ளோஸ் த டோர் பிஹைண்ட் யூ', 'ஐ ஹாவ் நோ மனி வித் மீ', 'ஹி லுக்ட் அரவுண்ட் ஹிம்'. செயல் அந்த ஆள் மேலேயே போய் விழுகிறதா, அல்லது அவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

12. 'டிஸ்கஸ் அபவுட்' தப்புன்னு திருத்துறாங்க. பேசுறதுன்னா எதைப் பத்தின்னு சொல்ல வேண்டாமா?

வேண்டாம், 'பற்றி' என்பது 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. 'வி டிஸ்கஸ்ட் இட்', அவ்வளவுதான். 'டாக் அபவுட் இட்' என்பதில் 'அபவுட்' தேவை, 'டிஸ்கஸ்' என்பதில் கூடாது.

இந்தத் தவறு நமக்கு வருவதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன். முதலாவது, தமிழ் உருபை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது. நாம் ஒருவரிடம் கேட்கிறோம், அதனால் 'ஆஸ்க் டு ஹிம்' என்கிறோம். 'ஆஸ்க் ஹிம்' போதும். ஓரிடத்துக்குப் போய்ச் சேர்கிறோம், அதனால் 'ரீச் டு' வருகிறது. 'ரீச் இட்' போதும். 'மேரி வித் ஹெர்' அல்ல, 'மேரி ஹெர்'. அறைக்குள் நுழைந்தால் 'என்டர் இன்டு' அல்ல, 'என்டர் இட்' ('என்டர் இன்டு' என்பது ஒப்பந்தத்தில் இறங்குவது போன்ற இடங்களுக்கு உரியது). 'கான்டாக்ட்', 'ரிசெம்பிள்', 'ஃபோன்' மூன்றுக்கும் எதுவும் தேவையில்லை. எதிர்ப்பக்கமாகவும் இது நடக்கும். ஆங்கிலத்தில் வேண்டிய முன்னிடைச்சொல்லை விட்டுவிடுகிறோம்: 'லிசன் மீ' அல்ல, 'லிசன் டு மீ', 'வெயிட் மீ' அல்ல, 'வெயிட் ஃபார் மீ'.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. வினைக்கு முன்னிடைச்சொல் வேண்டாம் என்றாலும், அதற்கு இணையான பெயருக்கு வேண்டும். 'டிஸ்கஷன் அபவுட் இட்', 'ரிக்வெஸ்ட் ஃபார் இட்', 'எம்ஃபசிஸ் ஆன் இட்' மூன்றும் சரி. வினையாக்கும்போது 'டிஸ்கஸ் இட்', 'ரிக்வெஸ்ட் இட்', 'எம்ஃபசைஸ் இட்'. பெயரோடு கேட்டுப் பழகிய காது வினையோடும் அதைச் சேர்த்துவிடுகிறது.

13. 'டெல் மீ' சரி, 'எக்ஸ்பிளெய்ன் மீ' தப்பு. இதுல என்ன நியாயம்?

'டெல்', 'கிவ்', 'ஷோ', 'செண்ட்' போன்றவை ஆளை நேராகப் பக்கத்தில் ஏற்கும்: 'டெல் மீ த ட்ரூத்'. 'எக்ஸ்பிளெய்ன்', 'சே', 'சஜெஸ்ட்', 'டிஸ்க்ரைப்' ஏற்காது. அவற்றுக்கு ஆள் 'டு' வழியாகத்தான் வர வேண்டும்: 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ', 'ஷி செட் இட் டு மீ'. லத்தீன், ஃபிரெஞ்சு வழி வந்த வினைகளில் பல இப்படி 'டு' கேட்கும் என்பது ஓரளவு உதவும். ஆனால் 'சே' பழைய ஆங்கிலச் சொல், அதுவும் 'டு' கேட்கிறது. ஆகவே இந்த நான்கையும் 'இட் டு மீ' சேர்த்தே படித்துவிடுங்கள்.

ஆளும் பொருளும் இரண்டுமே பிரதிப்பெயராக வந்தால் 'கிவ் இட் டு மீ' எங்கேயும் செல்லும். 'கிவ் மீ இட்' என்று பிரிட்டனில் சொல்வது உண்டு, ஆனால் நீங்கள் முதலாவதையே பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

14. 'கோப் அப் வித்', 'ரிட்டர்ன் பேக்' எல்லாம் எல்லாரும் சொல்றாங்களே?

சொல்கிறார்கள், ஆனால் 'கோப் வித் இட்' என்பதே வடிவம். 'கீப் அப் வித்' பக்கத்திலிருந்து அந்த 'அப்' ஒட்டிக்கொண்டிருக்கலாம். 'ரிட்டர்ன்' என்பதிலேயே திரும்புதல் இருப்பதால் 'பேக்' மிகை. 'ரிட்டர்ன் இட்' அல்லது 'கிவ் இட் பேக்', ஏதாவது ஒன்று.

15. 'பேக்கப் இட்'னு எழுதலாமா? கம்ப்யூட்டர்ல எல்லா இடத்துலயும் ஒரே சொல்லாத்தானே இருக்கு?

ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது பெயருக்கு: 'எ பேக்கப்', 'எ லாகின்', 'எ செட்டப்'. வினையானால் இரண்டு சொல். அதற்கு இரண்டாவது விடையின் விதி அப்படியே பொருந்தும்: 'பேக் இட் அப்', 'செட் இட் அப்'. நடுவில் 'இட்' நுழைய முடிகிறது என்பதே அவை இரண்டு சொல் என்பதற்குச் சாட்சி. 'லாக் இன்' என்பதற்குப் பின் 'டு' வந்தால் 'லாக் இன் டு இட்'. சேர்த்து 'இன்டு' என்று எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன.

16. 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' வாக்கியத்தை முன்னிடைச்சொல்ல முடிக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கேனே?

முடிக்கலாம். பேச்சில் அதுதான் இயல்பு. 1672-ல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்திய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியொன்று முன்னிடைச்சொல்லில் முடிந்ததைக் குறையாகச் சொன்னார். 1762-ல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணம், இது ஆங்கிலம் இயல்பாகச் சாயும் போக்கு என்று ஒப்புக்கொண்டு, கம்பீரமான எழுத்து நடைக்கு முன்னிடைச்சொல்லை முன்னால் வைப்பதே பொருத்தம் என்றது. பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் இந்த விருப்பத்தை விதியாக்கிவிட்டன. 'டு ஹூம் ஆர் யூ டாக்கிங்?' என்பதும் சரியான ஆங்கிலம்தான், ஆனால் நண்பரிடம் சொன்னால் விறைப்பாக ஒலிக்கும்.

முக்கியமானது, முன்னிடைச்சொல்லை விழுங்கிவிடக் கூடாது. 'வாட் ஆர் யூ லுக்கிங்?' அல்ல, 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?'. செயப்பாட்டு வினையிலும் அப்படியே: 'த சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர்', 'ஹி வாஸ் லாஃப்ட் அட்'. பெயர் முன்னால் போய்விட்டது, முன்னிடைச்சொல் தன் இடத்திலேயே நிற்கிறது. மூன்றாவது விடையில் அது பெயரில்லாமல் நிற்காது என்றேன். கேள்வியிலும் செயப்பாட்டிலும் அந்தப் பெயர் வாக்கியத்தின் முன்பகுதியில் இருப்பதால் விலக்கு.

17. 'கெட் ஓவர் இட்', 'கெட் இட் ஓவர் வித்' ரெண்டும் பார்க்கிறேன். 'இட்' இடம் மாறினா பொருளே மாறிடுமா?

மாறிவிடும். நான்காவது விடையில் மலையும் பாக்கியும் பிரிந்ததுபோல. 'கெட் ஓவர் இட்' என்றால் துயரத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீண்டு வா. 'கெட் இட் ஓவர் வித்' என்றால் பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலை. 'சீ த்ரூ ஹிம்' என்றால் அவருடைய வேஷத்தைக் கண்டுகொள்வது. 'சீ இட் த்ரூ' என்றால் எடுத்த காரியத்தைக் கடைசிவரை கொண்டுபோய் முடிப்பது.

துணைச்சொல் முன்னால் ஒட்டிக்கொண்ட பழைய வினைகளும் உண்டு, அவை இன்னொரு பொருள் தரும். 'டேக் இட் ஓவர்' பொறுப்பை ஏற்பது, 'ஓவர்டேக் இட்' முந்திச் செல்வது. 'ஹோல்ட் இட் அப்' தாமதமாக்குவது, 'அப்ஹோல்ட் இட்' நிலைநிறுத்துவது. 'லுக் இட் ஓவர்' ஒருமுறை பார்வையிடுவது, 'ஓவர்லுக் இட்' கவனிக்காமல் விடுவது. ஒட்டிய வினைக்குள் எதுவும் நுழையாது, பிரதிப்பெயர் எப்போதும் பின்னால்தான்.

18. ஒரே வினைல ரெண்டு பிரதிப்பெயர் வந்தா? 'டாக் மீ இன்டு இட்' மாதிரி?

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் போட்டால் போதும். 'மீ' வினையின் செயப்படுபொருள், அதனால் வினைக்குப் பக்கத்தில். 'இட்' முன்னிடைச்சொல்லைச் சேர்ந்தது, அதனால் அதற்குப் பின்னால். 'ஷி டாக்ட் மீ இன்டு இட்' என்றால் பேசிப் பேசி என்னைச் சம்மதிக்க வைத்தாள்; 'டாக்ட் மீ அவுட் ஆஃப் இட்' என்றால் பேசி என்னைத் தடுத்துவிட்டாள்.

துணைச்சொல்லும் நடுவில் வந்தால் வரிசை நீளும், குழம்பாது: 'புட் மீ த்ரூ டு ஹெர்' என்பது தொலைபேசியில் அவரோடு இணைக்கச் சொல்வது. 'ஐ வில் டேக் யூ அப் ஆன் இட்' என்பது நீங்கள் சொன்ன அழைப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்பது. 'டேக்' வினை, 'யூ' அதன் செயப்படுபொருள், 'அப்' துணைச்சொல், 'ஆன்' முன்னிடைச்சொல், 'இட்' அதற்குரியது. 'யூ', 'அப்' இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ஏன் வரவில்லை என்று உங்களாலேயே சொல்ல முடியும்.